போலந்துப் பெண்களுக்கு நான் எழுதித் தந்த உறவுப் பெயர்கள்

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மில்லில் கூட வேலை பார்க்கும் பெண்கள் கேக் வாங்கி வந்து, உன் ஊர் ஞாபகம் வருகிறதா என்று கேட்பார்கள். அன்றைக்கும் வழக்கம்போல விடியும் முன்னே பஸ், ஏழரைக்குச் சங்கு, பத்து மணிக்கு ஆறிப்போன தேநீர், சாயங்காலம் காதுக்குள் மிஷின் இரைச்சலோடு வாடகை அறை.

சனிக்கிழமை மாதாகோயில் கூடத்துக்குப் போனேன். வெளிநாட்டுப் பெண்களுக்கு அங்கே மத்தியான நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். முதலில் படிக்கப் போனவள், இப்போது டீச்சரம்மாவுக்குத் துணையாக இருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும், "புதிதாகப் பத்துப் பன்னிரண்டு பேர் போலந்திலிருந்து வந்திருக்கிறார்கள். நீ முன்பு உறவுப் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று இருந்ததே, அதை இன்னொரு தடவை எழுதித் தருவாயா?" என்றார்.

சரி என்று உட்கார்ந்தேன். இடது பக்கம் ஆங்கிலம், நடுவில் போலந்து மொழி, வலது பக்கம் எனக்காகத் தமிழ். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாம் வந்துவிட்டன. அங்கிள் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தேன். அடுத்த வரிக்குப் போய் மீதியை முடித்துக் கொடுத்தேன். டீச்சரம்மா கவனிக்கவில்லை.

கை ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போடியிலும் சிலமலையிலும் என்னைத் தெரிந்தவர்கள், பேச்சியம்மாள் புருஷனோடு சீமையில் சௌகரியமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை இல்லை.

2

எங்கள் ஊர் சிலமலை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் மலையில்தான் இருப்போம். போடிமெட்டைத் தாண்டி ஒரு சரிவில் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. எனக்கு எட்டு வயதாகும்போது என் அய்யா மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு தோட்டத்தையும் என்னையும் கட்டிக் காத்தது என் ஆத்தா நாகம்மாள்.

ஆத்தாவுக்கு ஒரே தம்பி, சுருளிவேலு. தாயும் தகப்பனும் ஒரே மாசத்தில் காலராவில் செத்தபோது அவருக்கு மூன்று வயது. ஆத்தாவுக்குப் பதின்மூன்று. கல்யாணமாகி சிலமலைக்கு வரும்போதே தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். நான் பிறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. என்னைத் தூக்கிச் சுமந்தது அவர்தான். சாரல் காலத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்தால் காலெல்லாம் அட்டை ஏறும். என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடப்பார். அவர் காலில் ரத்தம் வழிவதைப் பார்த்து நான் அழுதால், "எனக்கு நெறைய ரத்தம் கெடக்கு பேச்சி. நீ ஆடாம உக்காரு" என்பார்.

பிறகு பட்டாளத்துக்குப் போனார், வண்டி ஓட்டக் கற்றார், சண்டை முடிந்து திரும்பி வந்து ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில் ஜீப்பு டிரைவரானார். நான் போடியில் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வகையறாவில் அந்த அளவுக்குப் படித்த பெண் நான் ஒருத்திதான். எனக்குப் பதினேழு வயதானபோது ஆத்தா அவருக்கே என்னைக் கட்டி வைத்தாள்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை என்பது உங்களுக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மணவறையில் அவர் தலையைத் தூக்கவே இல்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன், பின்பும் அதே மாமாதான்.

எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். ஒரு வருஷம் அங்கே இருந்தோம். சீசனில் அடுப்புக்கு ஆள் வேண்டும் என்று பாதி நாள் ஸ்டோரிலேயே தங்கிவிடுவார். சீசன் முடிந்த பிறகும் ஏதாவது சோலி இருந்துகொண்டே இருந்தது. என்னிடம் கோபப்பட்டதில்லை. கோபப்படும் அளவுக்குப் பேசினதும் இல்லை. உழைப்பாளி என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பியபோது மாமாவையும் கூட்டிப் போனார். போன இடத்தில் மாமா ஒரு இரும்பு ஆலையில் வேலை தேடிக்கொண்டார். நான் மறுபடி ஆத்தாவிடம் வந்தேன்.

3

இரண்டு வருஷம் கழித்து என்னை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள். அதனால் நான்தான் உரக்கப் படித்தேன்.

"இந்த நாட்டுச் சட்டத்தில் தாய்மாமனைக் கட்டிக்கொள்வது செல்லாதாம். சம்சாரம் என்று எழுதினால் சிக்கல் வரும். அக்கா மகள் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய் இல்லைதானே. பேச்சி வந்த பிறகு எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளலாம்."

எனக்குச் சட்டம் தெரியாது. படித்த மனிதர்களிடம் விசாரித்திருப்பார் என்று நம்பினேன். பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்கு இரண்டு தடவையும் சென்னைக்கு ஒரு தடவையும் போனோம். ஒரு ஆபீசில் அந்தக் காகிதம் இல்லை என்பார்கள். அதை வாங்கிப் போனால் இன்னொரு ஆபீசில் இந்த முத்திரை இல்லை என்பார்கள். கடைசியாக, பெண்ணைப் பெற்றவள் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் ஆங்கிலத்தில் அதை எழுதித் தயாராக வைத்திருந்தார். போடியில் அவர் வீட்டுக்கு ஆத்தாவும் நானும் போனோம்.

"நீ குடையப் பிடிச்சுக்கிட்டு இங்கனயே நில்லு. பஸ்சு வந்தா நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு ஆத்தா மட்டும் உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

"என்னத்தா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒழுங்காத்தேன் எழுதியிருக்கு. வெரசா வா."

புறப்படுகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, தாலியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். "அக்கா மகன்னு எழுதிப்புட்டு கழுத்துல தாலியோட போயி நின்னா என்ன சொல்லுவாக? நான் பத்திரமா வச்சிருக்கேன்." அதுவும் சரியாகவே பட்டது. கழற்றிக் கொடுத்தேன். அதை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்தாள்.

மதுரை ரயில், பிறகு பம்பாய், பிறகு கப்பல். கப்பலில் ஒரு ஐரிஷ் கன்னியாஸ்திரீ எனக்குக் கத்தியும் முள்ளும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். யாரிடம் போகிறாய் என்று கேட்டார். அங்கிள் என்றேன். அந்தப் பொய்யை நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

4

மாமா ரயிலடிக்கு வந்திருந்தார். கனமான கோட்டு, தலையில் தொப்பி. கிட்டப் போனதும் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "குளுருதா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் குடியிருந்த வீடு ஐரீனா என்கிற போலந்துப் பெண்ணுடையது. அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். யுத்த காலத்தில் ருஷ்யாவுக்குத் துரத்தப்பட்டு, அங்கிருந்து ஈரான் வழியாக நம் நாட்டுக்கு வந்து, கோலாப்பூர்ப் பக்கம் ஒரு அகதி முகாமில் நாலைந்து வருஷம் இருந்தவள். அதனால் இந்தியர்கள் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். குடும்பத்தில் மிஞ்சியது அவளும் அவள் தாயின் தம்பியும் மட்டுந்தான். அவரும் முகாமிலேயே செத்துப்போனார். இங்கே வந்து ஒரு போலந்துச் சிப்பாயைக் கட்டினாள். அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு இறந்தான். வீடு மட்டும் மிச்சம்.

எனக்கு அவள் அறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். மாமாவுக்கு மேல்மாடி. முதல் நாளே கேட்டேன்.

"ஆறு மாசம் பொறு பேச்சி. ஒரு வக்கீலப் பாத்திருக்கேன். இப்ப அக்கா மகளாவே இரு" என்றார்.

இருந்தேன். மில்லில் வேலை கிடைத்தது. அங்கே என்னை எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். போடியில் எங்களுக்குப் பாடம் நடத்திய கிறிஸ்தவ டீச்சரைத்தான் மிஸ் என்போம். படித்தவள் என்பதால் மரியாதை தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது கல்யாணமாகாதவளைக் கூப்பிடும் வார்த்தை என்று தெரிய மூன்று மாசமானது. மில் ஆபீசில் ஒரு பாரத்தில் நெருங்கிய உறவு யார் என்று கேட்டிருந்தது. மறந்துபோய் ஹஸ்பெண்ட் என்று எழுதிவிட்டேன். குமாஸ்தா என் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், பாரத்தைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே அதை அடித்து அங்கிள் என்று எழுதினான். "பயப்படாதே, போகப் போக இங்கிலீஷ் வந்துவிடும்" என்றான்.

ஆறு மாசம் ஒரு வருஷமானது.

சனிக்கிழமை வகுப்பில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கே முக்கால்வாசிப் பேர் போலந்துப் பெண்கள். எனக்கு ஆங்கில எழுத்து முன்பே தெரியும் என்பதால் டீச்சரம்மா என்னை அவர்களோடு உட்கார்த்தி வைத்தார். உறவுப் பெயர்ப் பாடம் வந்தபோது அவர்கள் திணறிப்போனார்கள். அப்பாவின் கூடப் பிறந்தவரும் அங்கிள், அம்மாவின் கூடப் பிறந்தவரும் அங்கிள், இதென்ன பாஷை என்று ஒரு கிழவி மேஜையில் தட்டினாள். அவர்கள் மொழியில் அப்பாவின் சகோதரன் ஸ்த்ரிய், அம்மாவின் சகோதரன் வூய். நம் சித்தப்பாவும் மாமாவும்போல. அண்ணன் மகளுக்கு ஒரு பெயர், அக்கா மகளுக்கு வேறு பெயர். அக்கா மகள், தங்கை மகள் என்றால் ஷொஸ்த்ஷெனீத்ஸா. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

கடல் கடந்து வந்து முதன்முறையாக, என்னைப்போலவே உறவைப் பிரித்துப் பார்க்கிற மனுஷிகளைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. அப்படித்தான் மூன்று வரிசை போட்டு அந்தத் தாளை எழுத ஆரம்பித்தேன். நடு வரிசையை, என்னோடு வகுப்புக்கு வரும் ஐரீனா சொல்லச் சொல்ல எழுதினேன். நான் வீட்டில் அவரை மாமா என்று கூப்பிட்டபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவாம். "இவ்வளவு பெரிய மீசை வைத்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை" என்பாள். மாமா என்றால் வூய் என்று அவளுக்கு எழுதிக் காட்டினேன்.

அந்தப் பெண்களுக்கு ஒரே கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கின்றன. ஸ்த்ரிய், வூய் இரண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற எல்லாரையும் அங்கிள் என்கின்றன. மேஜையில் தட்டின கிழவி சொன்னாள்: "என் பேரன் தபால்காரனையும் அங்கிள் என்கிறான். அவனுக்குச் சொந்தம் எது, தபால் எது என்று தெரியாமல் போகப்போகிறது." நான் அவளைத் தேற்றினேன்.

5

அடுத்த வருஷம் குளிர் குறைய ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை. கூடத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐரீனாவும் நானும் தாளில் மிச்சமிருந்த பெயர்களை எழுதிக்கொண்டிருந்தோம். அங்கிளின் மனைவி யார்? ஆங்கிலத்தில் ஆன்ட். அவர்கள் மொழியில் அம்மாவின் தம்பி மனைவிக்கு வுயெங்கா என்று தனிப் பெயர்.

"உங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டாள்.

"அத்தை."

அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஈஸ்டருக்குப் பிறகு நீ என்னை அப்படிக் கூப்பிடலாம். அவரே சொல்கிறேன் என்றார், என்னால்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு மறுபடி ஒரு குடும்பம் கிடைக்கப்போகிறது, பேச்சி. நீ என் ஷொஸ்த்ஷெனீத்ஸா."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டேன். "அவர் என் ஹஸ்பெண்ட்" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

டீச்சரம்மா அன்பாக, "அங்கிள், கண்ணே. ஹஸ்பெண்ட் இல்லை. அங்கிள்" என்றார்.

"ஹஸ்பெண்ட்" என்றேன் மறுபடி.

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா கரும்பலகையில் ஒரு பெண் படம் போட்டு, பக்கத்தில் அவள் தம்பியைப் போட்டு, கீழே என்னைப் போட்டார். தம்பிக்கு மேல் அங்கிள் என்று எழுதினார். வேறொரு மூலையில் மீசையோடு இன்னொரு ஆளைப் போட்டு, "இவர்தான் ஹஸ்பெண்ட். இன்னும் வரவில்லை" என்றார். கூடமே சிரித்தது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக நாங்கள் எல்லாரும் இப்படித் தப்பு விட்டுத்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டோம்.

ஐரீனா மட்டும் குழப்பமாகப் பார்த்தாள். தன் இறந்துபோன புருஷனைப் பற்றிப் பேசும்போது அவள் சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியும். அவள் பக்கம் திரும்பி அதைச் சொன்னேன்.

"முய் மோன்ஷ்." என் புருஷன்.

ஐரீனா சிரிக்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமா சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐரீனா கதவைச் சாத்திவிட்டு அவரிடம் கேட்டாள். அவர் முகம் மாறவில்லை. மேலே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். ஆத்தா கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் அது. ஐரீனா வாய்விட்டுப் படித்தாள். "என் கல்யாணமாகாத மகள் பேச்சியம்மாளை என் சொந்தத் தம்பியின் பாதுகாப்பில் அனுப்ப முழுச் சம்மதம்." கீழே நா, க, ம் என்று கோணல் கோணலாக ஆத்தாவின் பெயர். அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். ஏலக்காய்ச் சாக்கின் மேல் கரித்துண்டால் எழுதிப் பழக்கினேன்.

"மாமா, அவகிட்டச் சொல்லுங்க. எனக்குத் தாலி கட்டுனது யாருன்னு சொல்லுங்க" என்றேன்.

"என்ன சொல்கிறாள்?" என்று ஐரீனா அவரிடம் கேட்டாள்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "வகுப்பில் விளையாட்டுக்குச் சொன்னாளாம். மன்னிப்புக் கேட்கிறாள்."

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அது எனக்குப் புரிந்திருக்காது. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் இவர் மனைவி. ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்."

ஐரீனா என் வெறும் கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீயே அவரை மாமா என்றுதானே கூப்பிடுகிறாய்? மாமா என்றால் வூய் என்று நீதானே எனக்கு எழுதிக் கொடுத்தாய்?"

அவள் கேட்டது சரிதான். புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அவள் வாழ்நாள் முழுக்கக் காகிதத்தால் பிழைத்தவள். எந்த ரயிலில் ஏறலாம், எந்த முகாமில் தங்கலாம் என்பதை எல்லாம் ஒரு காகிதம்தான் அவளுக்குச் சொல்லியிருந்தது. எனக்கு எதிராக என் தாயின் கையெழுத்தே இருந்தது.

அடுத்த வாரம் நான் வேறு அறை பார்த்துக்கொண்டு போனேன். ஈஸ்டருக்குப் பிறகு அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஐரீனா வகுப்புக்கு வருவதில்லை. சந்தையில் எப்போதாவது எதிர்ப்படுவாள், தலையை அசைப்பாள், நானும் அசைப்பேன். இப்போது பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. மீசை அப்பாவைப் பார்த்து அதுவும் மாமா என்று சொல்லி விளையாடுவதாக யாரோ சொன்னார்கள்.

6

மாமாவைப் பற்றி எதுவும் எழுதாமல், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்டு ஆத்தாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ரைட்டர் கையெழுத்தில் ஒரே மாதிரிப் பதில் வந்தது. இங்கே எல்லாரும் சுகம், மழை நன்றாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாவம், ஆங்கிலம் தெரியாமல் ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். தம்பி தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தால் நொறுங்கிப்போவாள், நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் சேமித்துப் போன புரட்டாசியில் ஊருக்குப் போனேன். நான்கு வருஷத்தில் மலை கேரளத்தோடு சேர்ந்திருந்தது. மெட்டில் ஒரு மரத்தடுப்புப் போட்டு, எங்கே போகிறாய் என்று மலையாளத்தில் கேட்டார்கள். எங்க தோட்டத்துக்கு என்றேன்.

ஆத்தா காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏலச்செடியின் தூரில் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து முற்றின காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். விரலெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கஞ்சி கொடுத்தாள். பிறகு மறுபடி காய் எடுக்க உட்கார்ந்தாள். நானும் அடுத்த செடியில் உட்கார்ந்தேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் நொறுங்கவில்லை. அவள் கை நிற்கவே இல்லை.

"ஆத்தா, அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கல்யாணம் ஆகாத மகன்னு எழுதியிருக்குன்னு ரைட்டர் சொன்னாரா?"

"ரெண்டு தடவ படிச்சுச் சொன்னாரு."

செடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஒனக்கு வந்த கடுதாசிக்கு முன்னாலயே எனக்குத் தனியா ஒரு கடுதாசி போட்டிருந்தான். ரைட்டருதேன் படிச்சாரு. தூக்கி வளத்த புள்ளையப் பொண்டாட்டியா நெனைக்க முடியலக்கா, எனக்கு வேற வாழ்க்கை வேணும்க்கான்னு எழுதியிருந்தான். கல்யாணத்துக்கு மொத நாளே எங்கிட்ட வந்து அழுதான். போகப் போகச் சரியாப் போயிரும்டான்னு நாந்தேன் கட்டி வச்சேன். அவனையுங் கெடுத்துப்புட்டமேன்னு எனக்கு நெஞ்சு ஆறல."

"அப்ப என்னைய எதுக்கு அனுப்புன?"

"இங்கனயே அத்துவிட்டா நீ எங்கண்ணு முன்னால வாழாவெட்டியா நிப்ப. ஊரு வாயி சும்மா இருக்குமா? அங்கன போனா அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமுன்னு யாருக்குந் தெரியாமப் பொழைச்சுக்கிருவீகன்னு நெனச்சேன். நீ படிச்ச புள்ள."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

உண்மைதான், போயிருக்க மாட்டேன். நான் கழற்றிக் கொடுத்த தாலியை வாங்கி அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் வாசலில் குடை பிடித்து நின்றபோதும் தெரிந்திருந்தது. மாமா செய்ததைக்கூட நான் ஒரு மாதிரி புரிந்துகொண்டேன். அவர் ஓடிப்போக வழி தேடினவர். என்னைப் பெற்றவள் வழியனுப்பும்போது பொட்டு வைத்து, புதுச் சேலை கட்டிவிட்டு, புருஷனோடு நல்லா இருத்தா என்று வாழ்த்தி அனுப்பினாள்.

"ரெண்டு பேரையும் நாந்தேன் தூக்கி வளத்தேன்" என்றாள். "ஒருத்தர விட்டாத்தேன் ஒருத்தர் பொழைக்க முடியும்னு ஆயிப்போச்சு. அவன் மனசு விட்டுப் போயிருவான். நீ தாங்கிக்கிருவன்னு எனக்குத் தெரியும்."

"ஊருல எல்லாரும் எம் புருசன் எப்பிடி இருக்காருன்னு கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

"நல்லா இருக்கான்னு சொல்லு. அது பொய்யில்லையே."

கூடையில் இருந்த என் காய்களை அவள் கூடையில் கொட்டிவிட்டு எழுந்தேன். ஒரு மாசம் இருக்கலாம் என்று போனவள், எட்டாம் நாள் கிளம்பிவிட்டேன். அந்த எட்டு நாளும் அவள் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

7

போடி பஸ் ஸ்டாண்டுக்கு ஆத்தாவும் வந்தாள். என் பெட்டியைத் தரையில் வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மதுரை பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் தேவாரத்துக்காரப் பெண் ஒருத்தி மொச்சைக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஆத்தாவுக்குச் சந்தைப் பழக்கம் போலிருக்கிறது. என் கோட்டையும் செருப்பையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"யாரு நாகம்மாக்கா இது?"

"என் தம்பி சம்சாரம்" என்றாள் ஆத்தா. "சீமையில இருக்கு."

நான் ஆத்தாவைப் பார்த்தேன். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இவங்க மக" என்றேன்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அடியாத்தீ, ஒந்தம்பிக்கே குடுத்துட்டியாக்கா? அதான பாத்தேன், சாடை அப்பிடியே இருக்கே. நல்ல காரியம் பண்ணுன. வெளியில குடுத்தா என்ன பாடு படுத்துவாகளோன்னு பெத்தவ பதறிக்கிட்டே கெடக்கணும். சொந்தத்துல குடுத்தா அந்தப் பயமில்ல பாரு."

"ஆமா" என்று ஆத்தா தலையாட்டினாள்.

பஸ் வந்து நின்றது. அவள் மடியிலிருந்த பெட்டியை நானே எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆத்தா நின்ற பக்கத்து ஜன்னலில் இடம் காலியாக இருந்தது. நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.